சாயாத வண்டி

ஷெட்டில் அவனை எல்லாரும் லெவல் என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் வைத்த பெயர் மின்சார ரசீதில் மட்டும் உயிரோடு இருந்தது. வண்டி லெவலாக நிற்க வேண்டும், வளைவில் லெவலாகப் போக வேண்டும், பிரேக்கை மிதித்தால் மூக்கு குத்தாமல் லெவலாக நிற்க வேண்டும். வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான். மலைப் பாதைப் பந்தயங்களுக்கு வண்டி கட்டிக் கைபழகியவன். பந்தயம் நின்றுபோன பிறகும் பழக்கம் நிற்கவில்லை. காய்கறி ஏற்றும் வேன் வந்தாலும் அது வளைவில் எப்படிப் போகும் என்றுதான் முதலில் பார்ப்பான்.

அக்காவின் கார் அன்று ரிப்பேருக்கு வரவில்லை, கழுவ வந்தது. அத்தான் சாவியைக் கொடுத்துவிட்டு, பின் இருக்கையை மட்டும் நன்றாகக் கழுவினால் போதும் என்று தணிந்த குரலில் சொன்னார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர் அவர். எதையும் தணிந்துதான் சொல்வார். கதவைத் திறந்ததும் லெவலுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாடை இருக்கையின் மடிப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்திருந்தது. காலடியில் ஈரத்துண்டு, காலி பாட்டில், முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பைகள்.

அக்காவுக்கு மருந்து ஏற்றும் ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. வாரத்துக்கு ஒரு முறை போக வேண்டும். வாரம் தவறக் கூடாது, தவறினால் நாம் விட்ட இடத்தில் நோய் தொடங்கிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கலாம் என்றால் அக்கா கேட்கவில்லை. தன் கட்டிலில் தன் தலையணையில் படுத்தால்தான் அவளுக்குத் தூக்கம். ஆகவே போக வர மலைப் பாதை. ஏறும்போது வளைவு, இறங்கும்போது வளைவு, நேராகப் போவது என்பது இரண்டு வளைவுக்கு நடுவே மூச்சு வாங்குவதற்காக விட்ட இடைவெளி. போகும்போது ஒரு தடவை, மருந்து ஏறிய உடம்போடு திரும்பும்போது பல தடவை அவள் வாந்தி எடுத்தாள்.

அன்று சாயந்திரம் கழுவிய காரை அவனே கொண்டுபோய் விட்டான். அக்கா சோபாவில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. கணக்கு டீச்சர் அவள். நோய் வந்த பிறகும் பேச்சில் கணக்கு குறையவில்லை.

"மருந்தக்கூடத் தாங்கிடுவேன்டா. அந்த ரோடுதான் ஆகல. இன்னொரு தடவ என்னை அதுல ஏத்தாதீங்க. போதும்."

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் போதும் என்றால் போதும்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். லெவல் படிப்பை விட்டு ஷெட்டுக்குப் போகிறேன் என்று நின்ற நாளில் வீடே எதிர்த்தபோது, அவன் போகட்டும் என்று அவள் ஒருத்தி சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

"ரோட்ட என்னால ஒண்ணும் பண்ண முடியாது. வண்டியப் பண்றேன். சாயாத வண்டியாத் தரேன். அப்புறம் வருவியா?" என்றான் லெவல்.

ஜன்னலிலிருந்து அத்தான் திரும்ப, அக்கா தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். பிறகு, பண்ணு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த தேதிக்குள் முடிக்க வேண்டும். ஷெட்டில் இருந்த மற்ற வண்டிகளை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு அவன் அதையே பிடித்துக்கொண்டான். புது ஆள் யார் வந்தாலும் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் அவன் நாலு கேள்வி கேட்பான். யார் ஓட்டுவது, யார் உட்காருவது, எவ்வளவு பாரம், எந்த ரோடு. பதில் வரும்வரை ஸ்பேனரை எடுக்க மாட்டான். அக்காவிடம் எதையும் கேட்கவில்லை. சொந்த அக்கா, சொந்த ஊர் மலை. தெரிந்ததை எதற்குக் கேட்பது?

வண்டியின் உடம்பு வளைவில் முறுக்கிக்கொள்கிறது. சக்கரம் ஒன்று சொல்ல, கூடு கொஞ்சம் தாமதித்து இன்னொன்று கேட்கிறது. அந்தத் தாமதத்தில்தான் உள்ளே இருப்பவரின் வயிறு புரள்கிறது. இது அவன் கணக்கு. கணக்கில் தப்பில்லை. முதலில் கூட்டை இறுக்கினான். இன்ஜினுக்கு மேலே, இரண்டு பக்கத்து ஷாக் அப்சார்பர் மேடைகளையும் இணைத்து ஒரு கம்பி. அடியில் தரைச்சட்டத்துக்குக் குறுக்கே பெருக்கல் குறிபோல ஒரு கட்டு. பின் இருக்கைக்குப் பின்னால் இன்னொன்று. அதன் பிறகு ஸ்பிரிங்குகள், முன்னதைவிடக் கட்டையாக, கனமாக. இறுக்கமான ஷாக்குகள். வளைவில் சாயவிடாமல் பிடிக்கும் தடித்த ஸ்டெபிலைசர் கம்பி. மூட்டுகளில் அதிர்வை வாங்கிக்கொள்ளும் பழைய ரப்பர் புஷ்களைப் பிதுக்கி எடுத்துவிட்டுக் கெட்டியானவை. அந்த அடிக்கட்டு வெல்டர் பற்றவைத்துத் தந்தது.

வெல்டருக்குப் பாதி ஷெட் சொந்தம், வாய் மட்டும் முழு ஷெட்டுக்கும் சொந்தம். முகமூடியைத் தூக்கிக்கொண்டு கேட்டார்.

"லெவலு, அக்காவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பறியா, பந்தயத்துக்கு அனுப்பறியா?"

"எங்க போனாலும் ஒண்ணுதான்ணே. வண்டி ரோட்டப் பிடிக்கணும்."

"வண்டி ரோட்டப் பிடிக்கட்டும். ரோடு அக்காவப் பிடிச்சு ஆட்டாம பாத்துக்க."

லெவல் சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு கைக்குப் பிடித்த வேலை. அது அவனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் உறுத்தியது. அக்கா படுத்த படுக்கையாக இருக்கும்போது ஸ்டெபிலைசர் கம்பியைத் தடவிப் பார்த்து மகிழ்கிற மனதை என்ன செய்வது? ஆனாலும் மகிழ்ந்தான். கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளை அன்றைக்கே பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட்டான். பழசு கண்ணெதிரே கிடந்தால் வாடிக்கைக்காரருக்கு மனசு மாறும் என்பது அவன் தொழில் பாடம்.

வேலை முடிந்ததும் தனியாக மலைக்கு ஓட்டிப் போனான். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் திருப்பிய அளவுக்குத் திரும்பியது. வளைவில் வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டு தட்டில் வைத்த தண்ணீர் போல் போனது. டேஷ்போர்டில் வைத்திருந்த பேனா உச்சி வரைக்கும் உருளவில்லை. திரும்பி வந்து வெல்டரிடம் பேனாவைக் காட்டி அதைச் சொன்னான். பேனாவுக்கு வாந்தி வராதுய்யா என்றார் வெல்டர்.

முதல் பயணம் முடிந்த அன்று அக்காவே போன் செய்தாள். குரல் களைத்திருந்தது.

"வாந்தியே வரலடா. நெஜமா. போகவும் இல்ல, வரவும் இல்ல."

சரி சரி, படு என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு ஷெட்டுக்கு வந்த ஆட்களிடம் எல்லாம் ஏதாவது ஒரு சாக்கில் அந்தக் காரைப் பற்றிச் சொன்னான். எண்ணெய் மாற்ற வந்த ஒருவர் பாதியில் எழுந்து போய்விட்டார்.

மலைக்குப் போகும் ரோடு ஷெட்டைத் தாண்டித்தான் போகிறது. வாரா வாரம் காலையில் கார் கடக்கும். அத்தான் ஹாரனைத் தொட்டும் தொடாமலும் அடிப்பார். லெவல் கிரீஸ் கையைத் தூக்கிக் காட்டுவான். பின் இருக்கையில் அக்காவின் தலை தெரியாது, படுத்திருப்பாள். சாயந்திரம் கார் திரும்பிப் போகும். இரவு சாப்பாட்டுக்கு முன்னால் போன் செய்து எப்படி இருந்தது என்று கேட்பான். நல்லா இருந்துச்சு என்பாள். ஒரு தடவை, தொட்டில் மாதிரி இருக்குடா என்றாள். அந்தச் சொல்லில் ஏதோ பொருந்தவில்லை என்று அவனுக்கு அப்போதே பட்டது. கெட்டியாகக் கட்டிய வண்டியைத் தொட்டில் என்று எந்தப் பந்தயக்காரனும் சொன்னதில்லை. அக்கா பந்தயக்காரி இல்லையே என்று சமாதானம் செய்துகொண்டான்.

புதிதாகப் போட்ட போல்ட்டுகள் மலையில் இரண்டு தடவை ஏறி இறங்கினால் கொஞ்சம் தளரும். அழைத்து வந்து திரும்ப ஒரு முறுக்கு முறுக்க வேண்டும் என்று அத்தானிடம் சொல்லி வைத்திருந்தான். அத்தான் இன்றைக்கு நாளைக்கு என்று நாளைக் கடத்தினார். கடையில் வேலை, லென்ஸ் நிறைய வந்திருக்கிறது என்றார். கடைசியில் ஒரு மாதம் கழித்து லெவலே வீட்டு வாசலில் போய் நின்று, சாவியோடு அத்தானையும் கூட்டி வந்தான்.

காரை லிஃப்டில் ஏற்றி விளக்கைப் பிடித்தான். பிடித்தவன் அப்படியே நின்றான்.

அக்காவின் முதல் பயணத்துக்குப் பிறகு மலையில் நடு ஏற்றத்தில் ரோடு போடத் தொடங்கியிருந்தார்கள். அந்த மாதம் மலையேறி வந்த எந்த வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தாலும் தாரில் தோய்ந்த பொடி ஜல்லி அப்பிக் கிடக்கும். சுரண்டி எடுப்பதற்குள் உயிர் போகும். இந்த வண்டியின் அடியில் ஒன்றும் இல்லை. வெல்டர் போட்ட கட்டில் அவன் அடித்த கறுப்பு பெயின்ட் கடையில் வாங்கிய சாமான் போலப் பளபளத்தது. ஒரு கல் பட்ட தழும்பு இல்லை. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல்களை விட்டுப் பார்த்தான். ஓடிய ஸ்பிரிங் கொஞ்சம் உட்காரும். இது போட்ட நாளில் எப்படி நின்றதோ அப்படியே நின்றது.

விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தான். அத்தான் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், இந்த வண்டி மலைக்குப் போகல."

அத்தான் துடைப்பதை நிறுத்தவில்லை. லெவல் இன்னொரு தடவை சொன்னான்.

"போகல மாப்ள," என்றார் அவர்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். முதல் தடவை போனார்கள். அக்கா சொன்னது உண்மைதான், வாந்தி வரவில்லை. ஆனால் மலையடிவாரப் பாலத்தில் தளங்கள் சேரும் இணைப்பில் ஏறியபோது அவள் கத்தினாள். அவள் கத்தி அவர் கேட்டதில்லை. அதற்குப் பிறகு கத்தவில்லை, துண்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டாவது தடவை முதல் ஏற்றத்திலேயே நிறுத்தச் சொன்னாள். கொஞ்ச நேரம் ரோட்டோரத்தில் நின்றார்கள். திருப்புங்க என்றாள். திருப்பினார். அதற்குப் பிறகு போகவே இல்லை. வாரா வாரம் காலையில் ஷெட்டைத் தாண்டும்போது ஹாரன் அடித்துவிட்டு, கொஞ்ச தூரம் போய், ரயில் பாலத்துக்கு அடியில் நிழலாக ஓர் இடம் இருக்கிறது, அங்கே நிறுத்திவிடுவார். அவள் பின்னால் படுத்துத் தூங்குவாள். அவர் முன்னால் உட்கார்ந்திருப்பார். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குத் திரும்புவார்கள்.

"எதுக்கு அத்தான் கத்தினா?"

"நோய் முதுகெலும்புக்குப் போயிடுச்சு."

"எப்ப?"

அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவன் வண்டியை எடுத்துப்போவதற்கு முன்னாலேயே படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னாராம். மருந்து விடாமல் ஏறினால் அதையும் பிடித்து நிறுத்தலாம் என்றாராம். வீட்டில் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. அதற்குள் இவன் வந்து நின்றான்.

"நீ சாயாத வண்டின்னு சொன்னப்ப அவ மூஞ்சியப் பாத்தேன் மாப்ள. ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு வெளிச்சம். அத எப்படி அணைக்கிறது. அப்புறம் பண்ணிக் கொடுத்துட்டே. அவன் ஆசையாப் பண்ணது, அவன்கிட்ட ஒரு வார்த்தை போகக் கூடாதுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டா."

லெவலுக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஒரு நிமிடம் இருந்தது. பிறகு போய்விட்டது. கேட்காதவன் தான்தானே. யார் உட்காருவது என்ற கேள்வி அவன் நாக்கு நுனியில் எப்போதும் இருப்பது.

அத்தானை வீட்டுக்கு ஆட்டோவில் அனுப்பிவிட்டு வெல்டரைக் கூப்பிட்டான்.

"அண்ணே, நீங்க ஓட்டுங்க. மலைக்கு."

"நீ?"

"நான் பின்னாடி படுத்துக்கறேன்."

வெல்டர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். லெவல் பின் இருக்கையில் இடப்பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்தான். அக்கா அப்படித்தான் படுப்பாள். இருக்கையில் இன்னும் சோப்பு வாடை அடித்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ வண்டி கட்டியிருக்கிறான். ஒரு தடவைகூடத் தான் கட்டிய வண்டியின் பின்னால் அவன் படுத்ததில்லை. எல்லா வண்டியையும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, உள்ளங்கையாலும் உட்காருமிடத்தாலும்தான் அறிந்திருந்தான்.

ஷெட் வாசலில் இருந்த சாக்கடை மூடியிலேயே தெரிந்துவிட்டது. ஓட்டும்போது அது ஒரு சின்னத் தட்டு. இங்கே இடுப்பில் யாரோ முழங்கையால் குத்தியது போல் இருந்தது. பின் சக்கரங்களுக்கு நேர் மேலே அவன் இடுப்பு. வண்டி ஒரே துண்டாக இருந்தது. எங்கேயும் முறுகவில்லை, எங்கேயும் எதையும் விழுங்கிக்கொள்ளவில்லை. சக்கரம் வாங்கியதை எல்லாம் கைமாற்றாமல் கொண்டுவந்து அவன் முதுகில் வைத்தது. பாலத்தின் இணைப்புகள் வந்தன. வெல்டர் மெதுவாகத்தான் ஏற்றினார். ஒவ்வொன்றும் தண்டுவடத்தின் அடியில் நுழைந்து பிடரியில் வெளியேறியது. நல்ல எலும்புக்கே இப்படி. வளைவுகளில் வண்டி சாயவே இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே வந்தான். அது மட்டமாக, அழகாக, அசையாமல் இருந்தது.

ரோடு போடும் இடம் வந்ததும் ஜல்லி மேல் சக்கரங்கள் ஏறின. லெவல் தன்னை அறியாமல் இருக்கைத் துணியைப் பல்லால் கவ்வியிருந்தான்.

"திருப்பட்டுமா?" என்று கேட்டார் வெல்டர்.

அவரே திருப்பினார். திரும்பும் வழியில் அவர் வேடிக்கை எதுவும் பேசவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பழைய ஸ்பிரிங்குகள் எந்த உலையில் உருகிப் பாலக்கம்பி ஆயினவோ. அதே மாதிரி வண்டி ஒன்று முன்பக்கம் நசுங்கி உடைப்புக் கிடங்கில் கிடப்பதாக வெல்டர் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார். பின் ஸ்பிரிங்குகள் நன்றாக இருந்தன. முன் ஸ்பிரிங்குகளில் ஒன்று முறிந்திருந்தது. அதை வேறொரு கிடங்கில் தேடி எடுத்தார்கள். லெவல் எல்லாவற்றையும் கழற்றினான். இன்ஜின் மேல் கம்பி, பின் கம்பி, தடித்த ஸ்டெபிலைசர், கெட்டி புஷ்கள். அடிக்கட்டால் ஒரு கெடுதலும் இல்லை, அது இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் வெல்டர். லெவல் அதையும் அறுத்து எடுத்தான். தான் பற்றவைத்த இடம் பொறி பறக்க அறுபடுவதை அவர் ஓரமாக நின்று பார்த்தார்.

மென்மையான ரப்பர் புஷ்களை அழுத்தி ஏற்றி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் பாரத்தில் அது நிற்கும்போது போல்ட்டுகளை முறுக்கினான். அந்தரத்தில் முறுக்கினால் ரப்பர் தரைக்கு வந்ததும் திருகிக்கொள்ளும், சீக்கிரம் கிழியும். இப்படிப்பட்டதெல்லாம் அவனுக்கு நன்றாகத் தெரியும். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தான். பின் இருக்கையில் இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை வெட்டிப் போட்டான். பிறகு அதில் படுத்துக்கொண்டு வெல்டரை ஓட்டச் சொன்னான். வண்டி படகு போலச் சாய்ந்தது. பாலத்து இணைப்பு தூரத்தில் யாரோ கதவு சாத்தியது போல் கேட்டது. பாதி மலையில் அவனுக்கே குமட்டியது.

அக்காவிடம் போனபோது அவள் கட்டிலில் இருந்தாள். சோபா வரைக்கும் நடப்பதை விட்டுவிட்டிருந்தாள். அத்தான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், அவள் அவனைப் பார்த்த பார்வையில் மறைக்க எதுவும் இல்லை. லெவல் கட்டில் விளிம்பில் உட்காரப் போய், மெத்தை ஆடும் என்று தோன்றி, தரையில் உட்கார்ந்தான்.

"எல்லாத்தையும் எடுத்துட்டேன்க்கா. பழையபடி ஆக்கிட்டேன். வாந்தி வரும். ஆனா குத்தாது."

"பரவால்ல. வாந்திதான, பழகினது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

அக்கா கையை நீட்டி அவன் தலையில் வைத்தாள். கை எடையே இல்லாமல் இருந்தது.

"எல்லாரும் மருந்து கொடுத்தாங்க, பிரசாதம் மாதிரி புத்தி கொடுத்தாங்க. நீ ஒருத்தன்தான் எனக்குன்னு ஒண்ணு செஞ்ச. அது தப்புன்னு எந்த வாயால சொல்றது?"

அவளே தொடர்ந்தாள், கணக்குப் பாடம் முடித்து பலகையைத் துடைக்கிற குரலில்.

"போலாம். நாளைக்கே போலாம். எவ்வளவு மிச்சம் இருக்குன்னு கேட்டுட்டு வருவோம்."

மறுநாள் லெவலே ஓட்டினான். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏற்றத்தில் இரண்டு தடவை நிறுத்தினார்கள். அக்கா பையில் வாந்தி எடுத்தாள், வாயைக் கொப்பளித்தாள், போ என்று கையை அசைத்தாள். முகம் வெளிறியிருந்ததே தவிரக் கத்தவில்லை. உச்சியைத் தாண்டியதும் லெவலுக்கு ஒரு நப்பாசை வந்தது. ஒரு மாதம்தானே, உடம்பு பொறுத்திருக்கும், திரும்பத் தொடங்கினால் போதும். இறங்கும் வளைவுகளில் அந்த ஆசையோடுதான் இறங்கினான்.

டாக்டர் புதிதாகப் படம் எடுக்கச் சொன்னார். வராந்தாவில் காத்திருந்தார்கள். பிறகு அவர் இருவரையும் மட்டும் உள்ளே கூப்பிட, நான்தானே நோயாளி என்று சொல்லிக்கொண்டு அக்காவும் சக்கர நாற்காலியைத் தள்ளச் சொல்லி உள்ளே வந்துவிட்டாள். டாக்டர் மரியாதையானவர். ஏன் வரவில்லை என்று அதட்டவில்லை. இனி அந்த மருந்தை ஏற்றுவதில் பயனில்லை, உடம்பும் தாங்காது என்றார். முதுகு வலிக்கு மட்டும் கதிர் வைத்தியம் கொஞ்ச நாள் கொடுக்கலாம், தூங்க முடியும் என்றார். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று லெவல் தொடங்கினான். முடிக்கவில்லை. டாக்டர் மேசை மேல் இருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தி வைத்துவிட்டு, அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அவர் சொன்ன விதத்தில் அவனுக்கு விளங்கிவிட்டது.

வெளியே வந்ததும் அத்தான் குழாயடியில் முகம் கழுவப் போனார். நெடுநேரம் கழுவினார்.

கதிர் வைத்தியத்துக்கும் அதே ரோடுதான். திரும்பும்போது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. லெவல் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினான். பின்னால் வண்டிகள் சேர்ந்து ஹாரன் அடித்தன. ஓரங்கட்டி எல்லாரையும் போகவிட்டான். சிலர் கண்ணாடியை இறக்கித் திட்டிவிட்டுப் போனார்கள். ஓட்டத் தெரியாதவன் என்று அவனை யாரும் அதுவரை திட்டியதில்லை.

ரோடு இப்போது அவனுக்கு வேறு ரோடாக இருந்தது. வளைவுகள் கண்ணில் படவில்லை. குழிகளும் ஒட்டுகளும் மட்டும் தெரிந்தன. ஒவ்வொன்றையும் தூரத்திலேயே பார்த்து அக்காவுக்குச் சொன்னான். பள்ளம் வருது. ஒட்டு வருது. கல்லு ஒண்ணு, இடது பக்கம். சொல்லும்போதெல்லாம் அவள் உடம்பு இறுகுவதைக் கண்ணாடியில் பார்த்தான். பிறகு வண்டி ஏறி இறங்கும். பிறகு அவள் மூச்சு விடுவாள்.

பாதி இறக்கத்தில் அவள் கூப்பிட்டாள்.

"டேய்."

"சொல்லுக்கா."

"சொல்லாமப் போடா. நீ சொல்றப்ப ஒரு தடவ வலிக்குது, அது வர்றப்ப இன்னொரு தடவ வலிக்குது."

அத்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரிப்பது போல் ஒரு சத்தம் செய்தார். லெவல் தலையை ஆட்டினான். விளக்கு வெளிச்சத்தில் அடுத்த பள்ளம் வந்தது, ரோட்டின் முழு அகலத்துக்கும். வாய் வரைக்கும் வந்த சொல்லை விழுங்கிக்கொண்டான். கியரைக் குறைத்து, நடக்கும் வேகத்துக்கும் கீழே கொண்டுவந்து, ஒரு சக்கரத்தை மட்டும் முதலில் இறக்கினான்.